நாலு மணிக்கு விளக்கு வைக்கிற ஊர்

லண்டனில் குடித்தனம் வைக்கப் போகிற பெண்ணுக்கு எல்லாரும் குளிரைப் பற்றித்தான் சொல்லி அனுப்புவார்கள். "ஸ்வெட்டர் எடுத்துக்கோ, காதை மூடிக்கோ, வெறுங்காலோட தரையில நிக்காதே!" எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் குளிருக்கு வேண்டியது கடையில் கிடைக்கிறது. கம்பளி இருக்கிறது, வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, சுடச்சுட மிளகு ரசம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பற்றித்தான் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கிழக்கு லண்டனில் குடித்தனம் செய்கிறவள் சொல்கிறேன்: வீட்டோடு இருக்கிற பெண்ணை இந்த ஊரில் அதிகம் படுத்துவது குளிர் அல்ல, இருட்டு.

நம் ஊரில் வெளிச்சத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே கிடையாது. சென்னையில் வருஷத்திலேயே நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிஷம். மிகக் குட்டையான பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால்தான் "ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்கு விளக்கு வைக்கணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

லண்டனில் ஜூன் 21-ஆம் தேதி வாக்கில் காலை 4.43-க்கே சூரியன் உதித்துவிடும். அஸ்தமிப்பது இரவு 9.21-க்கு. பகல் மட்டும் 16 மணி 38 நிமிஷம். அதே ஊரில் டிசம்பர் 21 வாக்கில் சூரியன் எட்டு மணி அடித்த பிறகுதான் தலையைக் காட்டும். மாலை 3.53-க்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது! ஆறே மாதத்தில் ஏறக்குறைய ஒன்பது மணி நேர வெளிச்சம் கூடுகிறது. அடுத்த ஆறு மாதத்தில் அவ்வளவும் கரைகிறது.

ஏன் இப்படி என்று என் பெண் சின்னவளாக இருந்தபோது கேட்டாள். ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைக் குத்தி, குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, டார்ச் விளக்குக்கு முன்னால் சுற்றிக் காட்டினேன். பூமியும் இப்படித்தான் 23½ பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. பழத்தின் இடுப்பில் ஒட்டின பொட்டு, குச்சி எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பாதி நேரம் வெளிச்சத்திலும் பாதி நேரம் நிழலிலும் இருக்கும். மேலே குச்சிக்குப் பக்கத்தில் ஒட்டின பொட்டு, குச்சி விளக்கைப் பார்த்துச் சாய்ந்தால் வெகு நேரம் வெளிச்சத்தில் நிற்கும். விலகிச் சாய்ந்தால் வெகு நேரம் நிழலில் கிடக்கும். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13-ஆவது பாகையில், இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. லண்டன் 51½-இல், தோளுக்கு மேலே போய்விட்டது. இதை உங்கள் குழந்தைகளுக்கும் செய்து காட்டுங்கள். பழத்தை உரித்துத் தின்பதற்குள் பூகோளப் பாடம் முடிந்துவிடும்.

நேரம் மட்டும் மாறுவதில்லை, சூரியன் உதிக்கும் இடமே மாறுகிறது. எங்கள் சமையலறை ஜன்னல் வடகிழக்கு பார்த்தது. ஜூன் மாசம் காலைச் சூரியன் நேராக அடுப்பு மேடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிசம்பரில் அது தென்கிழக்கில், அடுத்த வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் எழுந்திருக்கும். எங்கள் அடுப்பு மேடைக்கு மாசக்கணக்கில் வெயில் கிடையாது. நடுப்பகலில்கூட சூரியன் தலைக்கு மேலே வராது. அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். உச்சிப் பொழுதில் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகமாக நீண்டு கிடக்கும். நம் ஊரில் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு விழுகிற மாதிரி நிழல்!

முதன்முதலாக என் மாமியார் இங்கே வந்தது ஒரு அக்டோபரில். திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். தினமும் சாயங்காலம் விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கண் அயர்ந்து எழுந்தவர், பதறிப் போய்விட்டார்.

"ஏம்மா, என்னை ராத்திரி வரைக்கும் தூங்க விட்டுட்டியே! விளக்கு வைக்கலையே!"

"இல்லே அத்தை, மணி நாலு பத்துதான் ஆகுது."

"நாலா? கடிகாரம் நின்னு போச்சா பாரு!"

அன்றிலிருந்து ஒரு தீர்மானத்துக்கு வந்தார். சூரியன் எப்போது போகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு. டிசம்பர் வந்ததும் மத்தியானம் மூணே முக்காலுக்கு முகம் கழுவி, பொட்டு வைத்து, விளக்கை ஏற்றிவிடுவார். அடுத்த முறை அவர் மே மாசம் வந்தபோதுதான் சங்கடம். ஒன்பது மணி வரை வெயில். பேரக் குழந்தைகள் தூங்கியாகிவிட்டது, அவருக்கும் கண் சொக்குகிறது, சூரியன் மட்டும் போவதாக இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏழு மணிக்கு ஏத்திடலாம். நாம எந்த ஊர்ல இருக்கோம்னு சுவாமிக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டார். எவ்வளவு சுலபமான தீர்ப்பு!

ராகு காலம் பார்க்கிற சகோதரிகளுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். ராகு காலம் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு. பன்னிரண்டு மணி நேரப் பகலில் அது ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைசிப் பங்கு, நாலரை முதல் ஆறு. அதே கணக்கை லண்டனில் போடுங்கள். டிசம்பர் ஞாயிறு ராகு காலம் மாலை 2.55-க்கு ஆரம்பித்து 3.53-க்கு முடிந்துவிடும், ஒரு மணி நேரம்கூட இல்லை. ஜூன் ஞாயிறன்று இரவு 7.16 முதல் 9.21 வரை, இரண்டு மணி நேரத்துக்கும் மேல்! ஊரிலிருந்து வந்த காலண்டரைச் சுவரில் மாட்டி அதையே பார்க்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும். எங்கள் தெருவில் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா இருக்கிறார். 2016-இல் ரம்ஜான் ஜூன் மாசம் வந்தது. பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நோன்பு இருந்தார். ஒன்பதரை மணிக்கு நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால், மூன்று மணிக்குள் அடுத்த நாள் சஹருக்கு எழுந்திருக்க வேண்டும்.

இது போதாதென்று கடிகாரத்தை வேறு திருப்புகிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால். இந்த யோசனையை இங்கே கிளப்பியவர் வில்லியம் வில்லெட் என்கிற வீடு கட்டும் தொழிலதிபர். கோடைக் காலையில் குதிரைச் சவாரி போவாராம். சூரியன் ஏறி வந்த பிறகும் வீடுகளில் ஜன்னல் திரை மூடிக் கிடந்ததைப் பார்த்து, "இத்தனை வெளிச்சம் வீணாகிறதே" என்று மனசு ஆறாமல் 1907-இல் ஒரு சிறு புத்தகமே போட்டார். அவர் 1915-இல் காலமானார். அடுத்த வருஷமே, யுத்தத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி முதலிலும் பிரிட்டன் அடுத்த சில வாரங்களிலும் அதைச் சட்டமாக்கின.

வீட்டுப் பெண்மணியின் கணக்கில் அந்த அக்டோபர் ஞாயிறு ஒரு பெரிய நாள். சனிக்கிழமை ஐந்தே முக்கால் வாக்கில் இருட்டின ஊர், மறுநாள் நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். கைக்குழந்தைக்குக் கடிகாரம் ஏது? ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்த குழந்தை ஐந்து மணிக்கே எழுந்து விளையாடக் கூப்பிடும். முந்தின வாரத்திலிருந்தே பாலும் படுக்கையும் தினம் பத்து நிமிஷம் தள்ளிக்கொண்டே வந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

கோடையில் தொல்லை நேர்மாறு. ஏழு மணிக்குக் குழந்தையைப் படுக்க வைத்தால், "அம்மா, இன்னும் பகல்தானே, நான் ஏன் தூங்கணும்?" என்று நியாயமாகவே கேட்கும். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் பறவைகள் கச்சேரியை ஆரம்பித்துவிடும். வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலையைக் குழந்தைகள் அறை ஜன்னலில், ஓரத்தில் இடுக்கு இல்லாமல் மாட்டுவது ஒன்றுதான் வழி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை இழுத்துவிட்டு, குளிப்பாட்டி, கதை சொல்ல வேண்டும். குழந்தைக்கு இருட்டை நாமே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

கோடை வேடிக்கையோடு போய்விடும். பனிக்காலம்தான் வேடிக்கை இல்லை.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிக்குத் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி குடி வந்தார்கள். அக்டோபரில் அந்தப் பெண்ணுக்குப் பிரசவம். அவள் அம்மாவுக்கு வர முடியவில்லை. கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்புவார், அப்போது இருட்டு. சாயங்காலம் ஆறரைக்கு வருவார், அப்போதும் இருட்டு. அந்த மனிதர் தன் வீட்டைப் பகலில் பார்ப்பதே சனி, ஞாயிறுதான்.

டிசம்பர் மத்தியில் ஒரு நாள் பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு போனேன். மணி நாலு. கதவைத் தட்டி வெகு நேரம் கழித்துத்தான் திறந்தாள். உள்ளே ஒரு விளக்குகூடப் போடவில்லை. குழந்தை அழுது ஓய்ந்து விசும்பிக்கொண்டிருந்தது. தலை வாரவில்லை, மத்தியானம் சாப்பிட்டதாகவும் தெரியவில்லை.

"என்னம்மா, இருட்டுல உக்காந்திருக்கே?"

"நேரமே தெரியலை அக்கா. விடிஞ்சுதான்னு பாக்கறதுக்குள்ள இருட்டிடுது. ஒண்ணுமே பிடிக்கலை. பிள்ளை அழுதாக்கூட எழுந்திருக்கத் தோணலை."

எத்தனை நாளாய் வெளியே போகவில்லை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பன்னெண்டு நாள்" என்றாள். "பச்சைப் பிள்ளையை வச்சுக்கிட்டு குளிர்ல வாசப்படி தாண்டாதே" என்று அம்மா தினமும் போனில் சொல்கிறாராம். ஊரில் அது சரியான புத்திமதி. அங்கே வாசலைத் தாண்டாவிட்டாலும் வெளிச்சம் முற்றத்துக்கு வரும், திண்ணைக்கு வரும், பக்கத்து வீட்டு ஆச்சியும் வருவார். இங்கே நாலு சுவரும் சாத்திய ஜன்னலும்தான்.

விளக்கைப் போட்டேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டேன், அவளைச் சாப்பிட வைத்தேன். மறுநாள் அவளோடு குடும்ப டாக்டரிடம் போனேன். அங்கே 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-இல் வெளியான கேள்வித்தாள் அது. பிள்ளை பெற்றவளுக்கு வருகிற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் பூராவும் பயன்படுகிறது. "சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா" என்கிற மாதிரி சாதாரணக் கேள்விகள்தான். அவள் பதில்களைப் பார்த்துவிட்டு டாக்டர் விஷயத்தை உடனே கவனித்தார். பேசி ஆற்றுகிற சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டர் அடிக்கடி வந்தார். அவர் முதலில் சொன்னது: "தினமும் பகல் இருக்கும்போதே அரை மணி நேரம் குழந்தையோடு வெளியே போ."

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு வியாதி, அதற்கு டாக்டர் வேண்டும். வெளிச்சம் மட்டும் அதைத் தீர்க்காது. "சும்மா சோம்பல்" என்றோ "நாங்கள்லாம் பெத்துக்கலையா" என்றோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் ஏற்கனவே வாடியிருக்கிற மனசை இருட்டு இன்னும் வாட்டும். பிள்ளை பெறாதவர்களுக்கும், ஆண்களுக்கும்கூடப் பனிக்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் போகிற மனச்சோர்வு உண்டு. அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1984-இல் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள். அவர் வெயில் நிறைந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். முதல் பனிக்காலத்திலேயே தன்னிடம் மாற்றத்தைக் கண்டவர். வெயில் ஊரிலிருந்து வந்தவருக்குத்தானே வெளிச்சத்தின் அருமை தெரியும்!

வெளிச்சம் நமக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, கண் வழியாக. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் "விடிந்தது" என்று தெரிந்துகொள்ளும். இரவில் தூக்கம் ஒழுங்காக வரும், மனசும் தெளியும். வீட்டு விளக்கு இதற்குப் போதாது. சாதாரண அறையில் வெளிச்சம் சுமார் 100, 200 லக்ஸ்தான். மேகம் மூடின பனிக்காலப் பகலில்கூட வெளியே 1,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். நமக்கு மந்தாரமாகத் தெரிந்தாலும் கண்ணுக்கு அது விருந்து. இதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்குகளும் விற்கிறார்கள். காலையில் அரை மணி நேரம் அதன் முன் உட்கார்வதால் பலருக்குக் குணம் தெரிகிறது. கண் வியாதி உள்ளவர்களும், மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இரண்டாவது, தோல் வழியாக. வெயில் பட்டால்தான் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். இங்கே அக்டோபர் முதல் மார்ச் ஆரம்பம் வரை சூரியன் அவ்வளவு தாழ்வாக இருப்பதால், எத்தனை நேரம் நின்றாலும் போதிய வைட்டமின் டி கிடைக்காது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் எந்த மாசத்திலும் பிரயோஜனம் இல்லை. அதற்கு வேண்டிய கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. நம் போன்ற மாநிறத் தோலுக்குக் கோடையிலும் வெள்ளைக்காரர்களை விட அதிக நேரம் வெயில் வேண்டும். பிரிட்டனில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானியக் குழந்தைகளுக்குக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் வந்ததால், 1981-இல் அதைத் தடுக்க அரசாங்கமே ஒரு இயக்கம் நடத்தியது.

2016 முதல் இங்கே அரசின் ஆலோசனை இதுதான்: இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும் எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது. கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்கள் வருஷம் பூராவும் எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே 8.5 முதல் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்தாகக் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து நாலு வயசு வரை 10 மைக்ரோகிராம். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தேவையில்லை, அந்தப் பாலிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதிகமானால் நல்லது என்று அள்ளிக் கொடுக்காதீர்கள்.

ஆகவே பனிக்காலத்தில் சொட்டு மருந்து தோலுக்குப் பதில், நடை கண்ணுக்கு. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடக் கூடாது.

மளிகைக்குப் பட்ஜெட் போடுகிற மாதிரி நவம்பர் முதல் ஜனவரி வரை வெளிச்சத்துக்கும் பட்ஜெட் போட வேண்டும் என்பது என் கட்சி. எட்டு மணி நேரம்தான் கையிருப்பு. அதைத் துணி மடிப்பதிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் செலவழிக்காதீர்கள். அதெல்லாம் விளக்கு வெளிச்சத்திலும் நடக்கும். காலை எழுந்தவுடன் எல்லாத் திரையையும் முழுசாக விலக்குங்கள். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள், மழை கொட்டாவிட்டால், குழந்தையை நன்றாகச் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கிளம்புங்கள். கடைக்கு ஒரே நாளில் போய் எல்லாவற்றையும் வாங்கி வராதீர்கள். இன்றைக்குக் கொத்துமல்லி, நாளைக்குப் பால் என்று தினமும் ஒரு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் நாற்காலியை ஜன்னலோரம் போடுங்கள். மூன்றரை மணிக்கே வீட்டு விளக்கெல்லாம் போட்டுவிடுங்கள். மின்சாரச் செலவைப் பார்த்துக்கொண்டு அரையிருட்டில் உட்கார வேண்டாம். நாலு மணிக்கு யாராவது ஒருவரோடு பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், போனிலாவது. அந்த வேளைதான் மனசு கீழே இறங்குகிற வேளை.

அந்தப் பெண்ணுக்கு நானே பதினொரு மணித் துணையானேன். முதல் நாள் தெருமுனை வரைதான் வந்தாள். பத்து நாளில் பூங்கா வரை வந்தாள். போகும்போது ஒரு விஷயம் சொல்லிவைத்தேன். மிகக் குட்டையான பகல் டிசம்பர் 21 என்றாலும், லண்டனில் மிகச் சீக்கிரமாகச் சூரியன் மறைவது அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பே, டிசம்பர் 12, 13 வாக்கில். அதன் பிறகு சாயங்காலம் ஒவ்வொரு நிமிஷமாகத் திரும்பி வர ஆரம்பித்துவிடும். பொங்கலுக்குள் பகல் சுமார் அரை மணி நேரம் கூடியிருக்கும். மார்ச்சில் தினம் ஏறக்குறைய நாலு நிமிஷம், வாரத்துக்கு அரை மணி என்று கூடும். அவள் நம்பவில்லை, ஆனாலும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, தினமும் சூரியன் மறையும் நேரத்தைக் குறித்து வந்தாள்.

பிப்ரவரி முதல் வாரம் முடிகிற சமயம், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, மணி அஞ்சு. நான் இன்னும் லைட் போடலை. வெளிய பாருங்களேன்!"